கூட வர ஒரு ஆள் வேண்டும்

நீலகிரி மாவட்டம் கூடலூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து 14 வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் வருகிறார்கள். அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிடும். துணிக்கடைக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய காகிதங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரேஷன் அட்டை, ஆதார், எப்போதோ யாரோ கொடுத்த ஏதோ ஒரு சீட்டு. ஆடி மாதத்தில் தேவாலா, சேரம்பாடி பக்கமிருந்து வருகிறவர்களின் காகிதங்கள் நமத்துப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். மெஷின் மேல் விரித்துவைத்து, அந்தச் சூட்டில் கொஞ்சம் காய்ந்த பிறகுதான் பிரிக்க முடியும். காயும் வரை பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பேச்சில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் மாநிலத்தில் ஏழைக்கு மருத்துவ உதவியே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதய ஆபரேஷன், புற்றுநோய், டயாலிசிஸ் எல்லாம் அதில் வரும். கையிலிருந்து காசு கட்ட வேண்டியதில்லை. இவ்வளவும் இருந்தும் எங்கள் மலையில் தோடு அடகுக்குப் போகிறது, கறவை மாடு விற்றுப்போகிறது. ஏன் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். திட்டத்துக்கும் கட்டிலில் படுத்திருக்கும் ஆளுக்கும் நடுவே கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருவர் இல்லை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2016-இல் அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்து லைன் அண்ணன் ஜீப்பை எடுத்தார். நடுவட்டம் ஏறி, ஊட்டி தாண்டி, மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "அட்டை இருக்கா?" அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். "இல்லீங்க" என்றோம். அவ்வளவுதான். அடுத்த காகிதம் முன்பணத்துக்கு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், அப்பா பிழைத்தார். அதற்கு அந்த டாக்டர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அம்மாவின் சங்கிலியும் என் கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த பணமும் போய்விட்டன.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று லிஃப்ட் பக்கத்தில் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனி மேசை இருந்ததைப் பார்த்தேன். மூன்று நாளாக அதைத் தாண்டித்தான் டீ வாங்கப் போய் வந்திருக்கிறேன். அங்கே இருந்த தம்பி ரேஷன் அட்டை எண்ணைக் கேட்டார். அது எனக்கு மனப்பாடம், சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க குடும்பம் 2012-லயே பதிவாகியிருக்கே" என்றார். காப்பீட்டு அட்டை ஊரில் தகரப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அன்றைக்குக் காப்பீட்டு வரம்பு இப்போது இருப்பதைவிடக் குறைவு. ஆனாலும் பெரும்பகுதி அதில் போயிருக்கும். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். பணம் கட்டி முடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாதாம்.

"அட்டை இருக்கா" என்பதற்குப் பதிலாக "ரேஷன் அட்டை எண் சொல்லுங்க, பார்க்கிறேன்" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் நாலு வருடக் கடனை மிச்சம் பண்ணியிருக்கும். அதற்குப் பிறகுதான் இந்த விஷயங்களைத் தேடித்தேடித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

சரி, காகிதம் இருப்பவர்களுக்காவது வேலை சுலபமா? அதுவும் இல்லை. பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. எங்களைப் போல சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் வந்ததும் தங்கவைத்த மண்டபம் முகாமில் எழுதிய பெயர் ஒன்று, தோட்டத்துச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. முத்தம்மாள் ஓரிடத்தில் முத்தம்மா, இன்னோரிடத்தில் முத்துலட்சுமி. பிறந்த தேதி கேட்டால் எல்லாருக்கும் ஜனவரி 1 அல்லது ஜூலை 1. ஆரோக்கியமாக இருக்கும்வரை இதெல்லாம் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஒவ்வொரு எழுத்தும் ஒரு நாள் அலைச்சல்.

அப்புறம் ஓடிபி. போன மாதம் பந்தலூர் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. ஆனால் ஆதாரில் இருக்கும் நம்பர் மகனுடையது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இங்கே நான் பட்டனை அழுத்த, ஓடிபி அங்கே பூட்டிய லாக்கருக்குள் போய் விழுகிறது. பாட்டி கடை வாசல் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் மகன் கூப்பிட்டான். "தம்பி, இப்ப அனுப்புறேன், போனை வைக்காம உடனே படிச்சுச் சொல்லு" என்றேன். ஆறு எண்ணையும் அவன் சொல்லச்சொல்ல, பாட்டி அதைத் திருப்பி என்னிடம் சொன்னார், எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று. அந்த ஆறு எண்ணுக்குப் பாட்டியின் ஒரு நாள் கூலி போனது. சேரம்பாடிக்குக் கடைசி பஸ்ஸும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

இன்னொன்று, புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயரை நீக்கிவிடுவார்கள். புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க யாருக்கும் அவசரம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் எந்தக் குடும்பத்திலும் இல்லாதவளாக நிற்பாள். காப்பீடு ரேஷன் அட்டையை வைத்துத்தான் ஓடுகிறது. முதல் பிரசவத்தில் சிக்கல் வரும்போதுதான் இது தெரியவரும். அண்ணன்மார்களே, தங்கச்சியின் பெயரை நீக்கின கையோடு, மாப்பிள்ளை வீட்டில் சேர்த்தாகிவிட்டதா என்று தயவுசெய்து கேளுங்கள்.

இந்தக் காப்பீட்டில் சேர்வதற்கான வருட வருமான வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 72,000 ரூபாயாக இருந்ததை 2022-இல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 400 ரூபாய் என்று 300 நாள் ஒருவர் வேலை செய்தாலே 1,20,000 வந்துவிடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தேயிலைக் கொழுந்து எடுத்தால் காகிதத்தில் அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. லைன் வீட்டில் குடியிருந்து, ரேஷன் அரிசி தின்று, பிள்ளையைக் கடன் வாங்கிப் படிக்கவைக்கிற குடும்பம் அது. வரம்பை இன்னும் ஏற்ற வேண்டும், அல்லது மலைத்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை வருமானம் பார்க்காமல் சேர்க்க வேண்டும். 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டத்துக்குள்ளே மருத்துவ வசதி கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பல இடங்களில் அந்த டிஸ்பென்சரிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தத் திட்டமும் பெரிதாகக் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று உண்டு. வழிச்செலவு. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். 2022-இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன் எதற்கெடுத்தாலும் கோயம்புத்தூருக்கு எழுதிக்கொடுத்துவிடுவார்கள். இப்போதும் சிலவற்றுக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும். நோயாளிக்கு ஆபரேஷன் இலவசம். துணைக்குப் போனவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? பத்து நாள் வேலைக்குப் போகாத கூலியை யார் கொடுப்பார்கள்? மண்சரிவில் பாதை அடைத்துவிட்டால் சுற்றிப் போகிற வண்டிக்கூலி? வாரத்துக்கு 2 முறை டயாலிசிஸுக்குப் போகிற ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "மெஷின் இலவசம்தாம்மா. மெஷின் வரைக்கும் போறதுதான் என்னைச் சாய்ச்சிருச்சு." ஆறு மாதம் கழித்து வாரம் ஒரு முறை மட்டும் போக ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் அதிக நாள் இல்லை. அவர் மனைவி ரேஷன் அட்டையில் பெயர் நீக்க என் கடைக்குத்தான் வந்தார்.

கேட்டால் கிடைக்கிற உதவிகள் வேறு எத்தனையோ இருக்கின்றன. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சத்தான சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 500-ஆக இருந்ததை 2024-இல் உயர்த்தினார்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்காததால் வாங்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். ஆனால் கிராம சுகாதார செவிலியரிடம் ஆரம்பத்திலேயே பதிய வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எந்த அட்டையும் தேவையில்லை, வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. மைசூர் ரோடும் கேரளா ரோடும் சேர்கிற எங்கள் ஊரில் இது தெரிந்திருப்பது உயிர் காக்கிற விஷயம். புற்றுநோய்க்காகச் சென்னைக்கு ரயிலில் போகிறவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும்.

சிக்கிள் செல் பற்றித் தனியாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பணியர், இருளர், குறும்பர் ஆகிய ஆதிவாசி மக்களின் வீடுகளில் இந்த ரத்த நோய் இருக்கிறது. மூட்டுமூட்டாக வலி எடுத்துப் பிள்ளைகள் துடிக்கும். வெளியே பார்த்தால் நல்லபடியாகத் தெரிவார்கள், அதனால் சோம்பேறி என்று ஏச்சு வேறு. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. டாக்டர் பரிசோதித்து 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கொடுத்தால் அரசின் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதை நான் சொன்னபோது ஒரு அம்மா நம்பவே இல்லை. "கை கால் நல்லாத்தானே இருக்கு, எப்படிக் கொடுப்பாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூட வர ஒரு ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நர்ஸ்களும் ஊர் ஊராகப் போகிற சுகாதாரப் பணியாளர்களும் ஆதிவாசிப் பெண்கள். நோயாளியிடம் அவர் பாஷையிலேயே பேசுவார்கள், வீட்டுக்கும் வந்து பார்ப்பார்கள். இந்த மாதிரி அரசுக் காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு முன்பே, 1992-இலேயே ஆதிவாசி மக்களுக்காகக் காப்பீடு தொடங்கி நடத்திக் காட்டினார்கள். காட்டுக்குள் இருக்கிற குடும்பம் பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தது தெரிந்த முகம் ஒன்று வாசலில் நின்றதால்தான்.

அரசு நினைத்தாலும் முடியும். 2025 ஆகஸ்டில் ஆரம்பித்த 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் டாக்டரும் இருந்தார், காப்பீட்டு அட்டைப் பதிவும் இருந்தது, மாற்றுத்திறனாளிச் சான்றும் அதே இடத்தில். நாலு ஆபீஸில் செய்ய வேண்டியது ஒரே பந்தலுக்குள் முடிந்தது. ஆனால் முகாம் என்பது ஒரு நாள். நோய் முகாம் தேதி பார்த்து வருவதில்லை. நான் கேட்பது இதுதான்: மலையில் உள்ள ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும், ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, சம்பளத்துக்கு ஒருவரை உட்கார வையுங்கள். காப்பீட்டுக்கு மட்டுமான ஆளாக அவர் இருக்கக் கூடாது. ரேஷன் அட்டைத் திருத்தம், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை, வழிச்செலவுக்கு உதவுகிற சங்கம் என எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும். நோயாளி கேட்பதற்கு முன்னால் அவராக எழுந்து வந்து கேட்க வேண்டும். இந்த ஊர்ப் பெண்ணாக இருக்கட்டும். தமிழ், மலையாளம், படுகு, பணியர் பாஷை என்று இரண்டு மூன்று பேசத் தெரிந்த பிள்ளைகள் டிகிரி முடித்துவிட்டு இங்கே சும்மா இருக்கிறார்கள்.

அதுவரைக்கும் நாமே செய்துகொள்ளலாம். இன்றைக்கே வீட்டு ரேஷன் அட்டையை எடுத்து, அதில் எல்லார் பெயரும் இருக்கிறதா பாருங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் கையில் இருக்கும் நம்பர்தானா பாருங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் சந்தேகம் என்றால் 1800 425 3993-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அட்டை கையில் இல்லாவிட்டாலும் "இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ரேஷன் அட்டை எண்ணைக் கொடுத்து, காப்பீட்டு மேசை எங்கே என்று கேளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு நான் ஊட்டி போகிறேன். அந்தப் பாட்டியும் இன்னும் மூன்று பேரும் கூட வருகிறார்கள். வருமானச் சான்றிதழ் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் யாராவது இருந்தால் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6 மணிக்கு ஊட்டி பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். குடும்பத்தில் எல்லாருடைய ஆதாரும் வேண்டும். ஓடிபி வருகிற போனையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், சார்ஜ் போட்டு.