ஓகனைக் கொஞ்சம் தணித்து வாசியுங்கள்

கத்தோலிக்கக் கோயிலில் ஓகன் (கரண்டில் வேலை செய்கிற கீபோட்) வாசிக்கிற பிள்ளைகளுக்கும், ஓகன் வாங்கிக் கொடுக்கிற பங்குச் சபைகளுக்கும் இதை எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஞாயிறு பூசைக்கு வாசிப்பதும், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிப்பதும்தான் என் வேலை. எங்கள் கோயில்களில் சனங்கள் பாடுவது குறைந்துகொண்டே போகிறது. பாடகர் குழாம் பாடுகிறது, ஓகன் முழங்குகிறது, வாங்குகளில் இருப்பவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

சனங்களுக்குப் பாட வராது என்கிறார்கள். வன்னிச் சனத்தைப் பார்த்து அப்படிச் சொல்லவே கூடாது. இடம்பெயர்ந்த வருடங்களில் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழேயும் பூசை கண்டவர்கள் இவர்கள். அப்போது எந்த ஓகன் இருந்தது? 2022 தவக்காலத்தை, ஈஸ்டருக்கு முந்திய அந்த நோன்பு நாட்களை, நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. ஓகனும் இல்லை, மைக்கும் இல்லை. வருகைப் பாடலைத் தொடங்கினால் ஆண்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குரல் எழும்பியது! செத்த வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஆச்சி தன் தொண்டைக்கு ஏற்றபடி எடுத்துக் கொடுப்பார், வீடு முழுக்கப் பாடும். மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்துத் தங்குகிற குடும்பங்கள் இரவில் செபமாலை முடிந்து பாடுவதையும் கேட்டிருப்பீர்கள்.

அப்படியென்றால் கோயிலுக்குள் மட்டும் ஏன் வாய் மூடுகிறது? முதல் காரணம் சுருதி. பாட்டைப் பதிவுசெய்தவர் தேர்ந்த பாடகர். பிள்ளை யூடியூபில் கேட்டு அதே சுருதியில் வாசிக்கிறது. சாதாரண ஆட்கள் சிரமமில்லாமல் பாடுவது ஓகனின் நடுவில் இருக்கிற ‘சி’ என்ற சுரத்துக்கு இரண்டு மூன்று கட்டை கீழேயிருந்து மேல் ‘சி’ வரைக்கும்தான், மிஞ்சினால் ‘டி’. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். பாட்டு அதையும் தாண்டி ‘ஈ’, ‘எஃப்’ என்று ஏறினால் ஆண்கள்தான் முதலில் நிறுத்துவார்கள். காலைப் பூசைக்கு எழும்பி வந்த தொண்டை இன்னும் தாழ்வாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஓகன் தானாகவே தாளம் போடுகிற அந்த ரிதம் சுவிட்ச். அதைப் போட்டுவிட்டால் மெஷின் யாருக்காகவும் நிற்காது. ஒரு வரி முடிந்ததும் வயது போனவர்களுக்கு மூச்சு எடுக்க நேரம் வேண்டும். மெஷின் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டு வரி தவறினால் மூன்றாவதுக்கு அவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பதிலுரைப் பாடலுக்கு வாசிக்கும்போது வரி முடிகிற இடத்தில் இடது கையைத் தூக்கச் சொல்லி என் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கையைத் தூக்கிவிட்டு முன் வாங்கில் இருப்பவர்களின் தோளைப் பார்க்க வேண்டும். மூச்சு எடுக்கும்போது தோள் கொஞ்சம் உயரும். அப்போதுதான் அடுத்த கோட், அதாவது சேர்த்து அழுத்துகிற சுரங்கள். அந்தப் பார்வை பழகிய பிள்ளைக்கு ரிதம் சுவிட்ச் தேவைப்படாது.

“ரீச்சர், இவன் எப்ப கோயிலில வாசிப்பான்?” என்று சேர்த்த மாதமே கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். வாசிக்கிற மெட்டை அவன் வாயால் பாடிக் காட்டும்போது என்பேன். சுருதி மாற்றுகிற டிரான்ஸ்போஸ் சுவிட்ச் கோயிலில் நல்ல உதவி, அதை நான் குறை சொல்லவில்லை. வகுப்பில் மட்டும் விடமாட்டேன். எல்லாப் பாட்டையும் ‘சி’யில் வாசித்துப் பழகின விரலுக்குக் கறுப்புக் கட்டை எப்போதும் அந்நியம்தான். அப்புறம் பியானோ கிரேட் சோதனைக்கு 88 கட்டையின் முன்னால் போய் இருக்கிற அன்றைக்கு, வீட்டில் 61 கட்டையில் பழகின பிள்ளை திகைக்கும்.

பங்குச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓகன் வாங்கப் போனால் எத்தனை ரிதம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தித் தொட்டால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஓகனில் தணித்து வாசிக்கப் பழக்க முடியாது.

திருவழிபாட்டு ஒழுங்கும் இதையே கேட்கிறது. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்க மட்டும்தான். நாலாம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு முடிந்ததிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில் அது திரும்ப வரும் வரைக்கும் அதே கட்டுப்பாடு. அந்த நாட்களில் வாசிக்கிற பணிவோடு மற்ற ஞாயிறுகளிலும் வாசித்தால் என்ன?

வருகிற திருவிழாவுக்குப் பாட்டுப் பழகும்போது ஒரு ஆச்சியையும், கடைசி வாங்கில் இருக்கிற ஒரு ஐயாவையும் கூப்பிட்டு இருத்துங்கள். வாத்தியம் இல்லாமல் அவர்களையே தொடங்கச் சொல்லுங்கள். அவர்கள் எடுக்கிற சுருதியை ஓகனில் தேடிப் பிடித்து, பாட்டுக் கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எழுதி வையுங்கள். கொடியேற்றத்துக்கு முன்னமே செய்தால்தான் குழாமும் அந்தச் சுருதிக்குப் பழகும்.