பெருங்காயம் வாங்கப் பணம் அனுப்ப முடியவில்லை

"இது தடை செஞ்ச பொருளா சார்?" என்று போன வாரம் வங்கியில் கேட்டேன். "இல்லையே." "அப்புறம் ஏன் பணம் அனுப்ப மாட்டேங்கிறீங்க?" "ஈரான் சரக்கு சார், மேலே ஒத்துக்க மாட்டாங்க." அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறோம். நாங்கள் வாங்கக் கேட்டது பால் பெருங்காயம். ரசத்தில் கிள்ளிப் போடும் கூட்டுப் பெருங்காயத்துக்கு வாசனை தருவது இந்தப் பிசின்தான், மீதியெல்லாம் மாவும் கோந்தும். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் செடியின் வேரைக் கீறி எடுக்கிறார்கள். இந்தியாவில், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நட்டதே 2020 அக்டோபரில்தான்.

ஈரான்மீது அமெரிக்கா போட்டிருப்பது போல ஒருதலையாக விதிக்கப்படும் தடைகளை ஏற்பதில்லை என்று நம் அரசு சொல்கிறது. ஆனால் அமெரிக்காவில் தன் டாலர் கணக்குக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று வங்கி பயப்படுகிறது. 2012 முதல் யூகோ வங்கி வழியாக ஈரானுக்கு ரூபாயில் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதில் புரண்டது கச்சா எண்ணெய்ப் பணம். 2019 மே மாதம் எண்ணெய் வாங்குவது நின்றதும் அந்த வழியும் வற்றிவிட்டது.

இப்போது துபாய் இடைத்தரகரை நம்பியிருக்கிறோம். அவருக்குக் கமிஷன், கூடுதல் கப்பல் கூலி. அப்படி வந்தாலும், சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் சான்றிதழில் ஈரான் என்ற பெயரைப் பார்த்ததும் வங்கியில் கேள்விமேல் கேள்வி. பதில் எழுதி முடிப்பதற்குள் துறைமுகத்தில் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறுகிறது. போன தடவை அந்த லோடில் லாபமே நிற்கவில்லை.

1997இல் சூடான்மீது தடை போட்ட அமெரிக்கா, அங்கிருந்து வரும் அரேபியக் கோந்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. குளிர்பானக் கம்பெனிகளுக்கு அது தேவை. பெருங்காயக் கூட்டில் சேருவதும் அதே கோந்துதான். அவர்களுக்காகப் பேச ஆள் இருந்தது. எங்களுக்காக யார் பேசுவார்கள்? இதே சென்னையில் மணலி சுத்திகரிப்பு ஆலைக்காக 1965இல் தொடங்கிய நிறுவனத்தில் இந்திய அரசோடு ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியும் ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்தே பங்கு போட்டிருந்தன. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ரூபாயில் வெளிநாட்டு வணிகம் செய்ய 2022 ஜூலையிலேயே ரிசர்வ் வங்கி வழி திறந்தது. உணவுப் பொருளுக்கு, சிறிய தொகைக்கு, அந்த வழியில் பணம் அனுப்ப ஒரே ஒரு வங்கியை அரசு குறித்துக் கொடுக்கட்டும். மறுக்கும் வங்கி காரணத்தை எழுத்தில் தரட்டும்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். இந்த முறை விண்ணப்ப நகலில் முத்திரை வாங்காமல் திரும்பப் போவதில்லை.