அந்த இரண்டு நிமிடம் யாருடையது?

ரயில் காலை 7.42-க்கு வரும். பஸ் 7.40-க்குக் கிளம்பிவிடும். அடுத்த பஸ் 8.10-க்கு. நான்கு வருடம் நான் வேலைக்குப் போய்வந்த பாதையில் தினமும் இதே கதைதான். ரயில் நடைமேடைக்குள் நுழையும்போது கதவோரம் நின்றால், அந்தப் பஸ் திருப்பத்தில் வளைந்து போவது கண்ணுக்குத் தெரியும். முதல் வாரம் ஓடிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். என்னோடு இறங்குகிறவர்கள் அந்த 28 நிமிடத்தைக் கழிக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி அந்த நேரத்தில் மகளுக்குப் போன் போட்டுப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார்.

இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதினேன். ரயில் நிறுவனம், தங்கள் வண்டி நேரத்துக்கு வருகிறது என்றது. பஸ் நிறுவனம், தங்கள் வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது என்றது. இரண்டும் உண்மை. இரண்டு பேருடைய ஆண்டறிக்கையிலும் அந்தக் காலைப்பொழுது நல்ல கணக்கில்தான் சேர்ந்திருக்கும். நடுவில் நாங்கள் நின்ற 28 நிமிடம் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

அன்றிலிருந்துதான், ஒரு வட்டாரத்தில் ரயில், பஸ், சாலை, சிக்னல் என்று தனித்தனியாக இருக்கும் அமைப்புகள் சேர்ந்து திட்டமிடுவது எப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த வரையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கூட்டம் போட்டு, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, குழுப் படம் எடுத்தால் மட்டும் எதுவும் மாறுவதில்லை. தன் கையில் மட்டும் இருந்த ஒன்றை, அது கால அட்டவணையோ டிக்கெட் வருமானமோ சிக்னல் கடிகாரமோ, பொதுவில் வைக்க ஒவ்வோர் அமைப்பும் சம்மதிக்கும்போதுதான் பயணிக்கு வித்தியாசம் தெரிகிறது.

இதை முதலில் செய்து காட்டியது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். 1965-இல். கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். அங்கே நிலத்தடி ரயில் ஒருவருடையது, புறநகர் ரயில் தேசிய ரயில்வேயுடையது, பஸ்களை நடத்தியவர்கள் வேறு சிலர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் தனி டிக்கெட். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே கட்டணம், ஒரே டிக்கெட், ஒத்துப்போகும் கால அட்டவணை என்று முடிவு செய்தார்கள். டிக்கெட் பணம் பொதுக் கணக்கில் விழும், பிறகு ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரியும். நிறுவனங்கள் இணைக்கப்படவில்லை. அவரவர் வண்டி, அவரவர் ஊழியர், அவரவர் பணிமனை அப்படியே இருந்தன. பயணி கண்ணுக்கு மட்டும் எல்லாம் ஒரே அமைப்பு.

அந்த விகிதத்தில்தான் உண்மையான சண்டை இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஏறும் தலைகளை எண்ணிப் பணத்தைப் பிரித்தால், கூட்டம் உள்ள தடத்தில் எல்லோரும் போட்டி போடுவார்கள், ஒதுக்குப்புற ஊருக்கு யாரும் போகமாட்டார்கள். ஓடிய கிலோமீட்டருக்குப் பிரித்தால், காலி வண்டியை ஓட்டினாலும் பணம் வரும். எந்த விகிதமும் பூரணமில்லை. அதனால்தான் இது ஒருநாள் பேச்சில் முடிகிற விஷயமாகவும் இல்லை. கட்டணப் பங்கீட்டுக் குழுவில் வருடக்கணக்காக உட்கார்ந்து எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. திறப்பு விழா மேடையில் அவர்கள் இருப்பதில்லை.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். 1982-இல் நாடு முழுவதும் ரயில்கள் மணிக்கொரு முறை, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வரும்படி அட்டவணை போட்டார்கள். 1987-இல் மக்கள் வாக்கெடுப்பில் அடுத்த பெரிய திட்டம் ஒப்புதல் பெற்றது. அதன் கணக்கு இதுதான்: முக்கியச் சந்திப்பு நிலையங்களுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் ரயில்கள் ஒவ்வொரு மணி நேரமும் தொடங்குவதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும், தொடங்கிச் சற்று நேரத்தில் கிளம்ப வேண்டும். நடுவில் உள்ள சில நிமிடங்களில் யாரும் எதற்கும் மாறிக்கொள்ளலாம். வெளியே பஸ்களும் அதே கணக்கில் நிற்கும்.

இது நடக்க வேண்டுமென்றால் சூரிச், பெர்ன் போன்ற இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பயண நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சூரிச்சிலிருந்து பெர்ன் நகருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்டப் புதிய பாதை போட்டு, 2004 டிசம்பரில் திறந்து, 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 45 நிமிடத்துக்குக் குறைக்க அவர்கள் துடிக்கவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் அடுத்த வண்டிக்காகக் காத்துத்தானே நிற்க வேண்டும்? முதலில் அட்டவணையை எழுதினார்கள், அந்த அட்டவணைக்கு எங்கே பாதை தேவையோ அங்கே மட்டும் கான்கிரீட் ஊற்றினார்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் பாலம் கட்டுகிறோம், அதன்மேல் எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகும் என்பதைப் பிறகு யோசிக்கிறோம்.

சூரிச் வட்டாரத்தில் 1990-இல் எல்லாப் போக்குவரத்து நிறுவனங்களையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த அமைப்பு தொடங்கியது. சேவையை நடத்துவதில் விழும் பணப் பற்றாக்குறையில் பாதியை மாநில அரசு ஏற்கிறது, மீதிப் பாதியை ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஊரின் பங்கு பெரும்பாலும் அந்த ஊருக்கு எவ்வளவு சேவை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. காசு போடுகிற ஊர் சும்மா இருக்குமா? கேள்வி கேட்கும். அந்தக் கேள்விதான் அமைப்பை விழிப்பாக வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1962-இல் ஒரு சட்டம். 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில் கூட்டாட்சி அரசின் சாலைப் பணம் வேண்டுமென்றால், திட்டமிடல் மூன்று தன்மையோடு இருக்க வேண்டும்: தொடர்ச்சியாக, முழுமையாக, கூட்டாக. இன்று இதற்கென்று 400-க்கும் மேற்பட்ட பெருநகரத் திட்ட அமைப்புகள் அங்கே இருக்கின்றன. குறைந்தது 20 வருடத்துக்கான திட்டம் போட வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். அவர்களுடைய பட்டியலில் இல்லாத வேலைக்குக் கூட்டாட்சிப் பணம் கிடைக்காது.

இந்தச் சட்டத்தின் மூன்று சொற்களில் ‘தொடர்ச்சியாக’ என்பதன் அருமை எனக்கு அனுபவத்தில் தெரியும். என் 7.40 பஸ் ஒருமுறை 7.47-க்கு மாறியது. பணிமனையில் இருந்த ஒருவர் நிலையத்தில் இருந்த ஒருவரிடம் போனில் பேசி மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். எங்களுக்கெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது. ஐந்து மாதம்தான். புதிய ரயில் அட்டவணை வந்தது, 7.42 என்பது 7.48 ஆனது. பஸ்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல மனசுள்ள இரண்டு பேர் போனில் பேசிச் செய்தது, அடுத்த அட்டவணையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் நேரம் மாறினால் பஸ் நிறுவனத்துக்கு இத்தனை வாரம் முன்பே சொல்லியாக வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் போதும்.

ஆனால் ஒரே மேசையில் உட்கார வைப்பதோடு சட்டத்தின் வேலை முடிவதில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒன்பது மாவட்டங்கள், 27 போக்குவரத்து அமைப்புகள். அங்கே பார்ட் என்ற ரயில் திட்டம் பேச்சில் இருந்தபோதே, 1961-62-இல் சான் மட்டேயோ, மரின் ஆகிய இரு மாவட்டங்களும் விலகிக்கொண்டன. பார்ட் தண்டவாளத்தின் அகலம் 1,676 மில்லிமீட்டர். பக்கத்தில் ஓடும் கால்ட்ரெய்ன் என்ற இன்னொரு ரயில் சேவைக்கு 1,435. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடவே முடியாது. இரண்டும் 2003-இல் மில்பிரே நிலையத்தில் அருகருகே வந்து சேர்ந்த பிறகும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்கள் நேரம் பொருந்தாமல் நிற்பது நீண்டகாலக் குறையாக இருந்தது. கட்டடம் சேர்ந்துவிட்டது, கடிகாரம் சேரவில்லை.

அங்கே கிளிப்பர் என்று எல்லா அமைப்புகளின் வண்டிக்கும் ஒரே கட்டண அட்டை கொண்டுவந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் பர்ஸ் ஒன்றாவதும் கட்டணம் ஒன்றாவதும் வேறு வேறு. அதே அட்டையைத் தட்டினாலும் ஒவ்வோர் அமைப்பும் தனக்கான கட்டணத்தைத் தனியாகப் பிடித்தால், இரண்டு முறை மாறுகிற ஏழைப் பயணிக்கு இரண்டு முறை தண்டம்.

சியோல் நகரம் 2004 ஜூலை 1 அன்று இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. தனியார் பஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டி போட்ட தடங்களை நகர நிர்வாகம் கையில் எடுத்து மாற்றி அமைத்தது. நீல பஸ் நெடுந்தடத்துக்கு, பச்சை பஸ் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிட. பஸ் மாறினாலும் ரயில் மாறினாலும் போன தூரத்துக்குத்தான் காசு. வருமானம் பொதுவில் சேர்ந்து, நிறுவனங்களுக்கு ஓட்டிய தூரத்துக்கு ஏற்பப் பிரிந்தது. முதல் நாட்களில் பெரிய குழப்பம், மக்கள் கொதித்தார்கள். ஆனாலும் பின்வாங்கவில்லை. சுற்றியுள்ள கியோங்கி மாகாணத்துப் பஸ்கள் இதே கட்டண முறைக்குள் வந்தது 2007-இல். நகர எல்லையைத் தாண்ட இன்னும் மூன்று வருடம் பிடித்தது.

பேசாமல் எல்லாவற்றையும் ஒரே நிறுவனமாக்கினால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எவ்வளவு பெரிய அமைப்பானாலும் அதற்கும் ஓர் எல்லை இருக்கும், அந்த எல்லையைத் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். எல்லையிலேயே வேலை செய்யப் பழகத்தான் வேண்டும்.

சிக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேர்ச்சாலை, இரண்டு நகராட்சிகள். ஒன்றில் சிக்னல் சுழற்சி 90 வினாடி, அடுத்ததில் 100. இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்து தொடங்குவது 900 வினாடிக்கு ஒருமுறை, அதாவது கால் மணிக்கு ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் இங்கே பச்சையில் கிளம்பியவர் எல்லை தாண்டியதும் எந்தச் சிவப்பில் நிற்பார் என்று சொல்ல முடியாது. அவரவர் எல்லைக்குள் பார்த்தால் இரண்டு நகராட்சியும் சரியாகவே அமைத்திருக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி பகுதியில் கான்சாஸ், மிசௌரி ஆகிய இரண்டு மாநிலத்து ஊர்களும் ஒரு வட்டாரக் கவுன்சில் வழியாகச் சேர்ந்து, எல்லை பார்க்காமல் சிக்னல் நேரத்தை ஒருங்கிணைக்கிறார்கள். புதிய பாலம் இல்லை, நிலம் கையகப்படுத்தல் இல்லை. ஒரே சுழற்சி, ஒரே கடிகாரம்.

எங்கள் வட்டாரத்தில் போக்குவரத்துத் திட்டத்துக்குப் போன முறை கருத்துக் கேட்டபோது நான் எழுதியது ஒரே ஒரு கோரிக்கை. மக்கள் அதிகம் வண்டி மாறுகிற இருபது இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கியவர்களில் எத்தனை சதவீதம் பேர் பத்து நிமிடத்துக்குள் அடுத்த வண்டியைப் பிடித்தார்கள் என்று மாதா மாதம் வெளியிடுங்கள், இரண்டு நிறுவனங்களின் பெயரையும் சேர்த்துப் போட்டு. பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த கருத்துக் கேட்பிலும் அதையேதான் எழுதப் போகிறேன், இந்த முறை என்னுடைய நான்கு வருடக் கணக்கோடு. நீங்கள் தினமும் நிற்கிற இடம் எது? எந்த ரயில், எந்தப் பஸ், எத்தனை நிமிடம் என்று கீழே எழுதுங்கள், சேர்த்து அனுப்புகிறேன்.