பீரோவுக்குப் பின்னால் பாருங்கள்
மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த வீட்டுச் சுவரில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு அது கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்; அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஈரத்துணியை ஹாலில் கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டு, கொசு வருமென்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். துணியில் இருந்த தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக் காற்றில்தான் நிற்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சுவரோடு ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் காற்றே படாது, அங்கேதான் முதலில் கறுக்கும். நாலு விரற்கடையாவது நகர்த்தி வையுங்கள். துணி காயும்வரை ஃபேன் ஓடட்டும். நனைந்த மெத்தை, மிதியடியை 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட வேண்டும்.

மொட்டைமாடி ஒழுகலை விட்டுவிட்டுப் பொங்கலுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு என்ன சொல்ல, அடுத்த மழையில் அது உரிந்து கையோடு வரும்.