ஆறாம் வகுப்பிலேயே பேசியிருக்க வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் என் அறிவியல் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பதில் சொல்ல எழுந்தான். வாய் குழறியது. கீழுதட்டுக்கு உள்ளே சிறிய புகையிலைப் பொட்டலம் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தான். மறுநாள் அவனுடைய அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து தலைமையாசிரியர் அறையில் கைகட்டி நின்றார். அந்த வாரமே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டோம். அனுப்பிவிட்டார்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் வைத்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன ஒரே பதில், எல்லோரும் வைக்கிறார்கள் என்பதுதான். எல்லோரும் என்றால் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் நம் சென்னைப் பள்ளிகளிலேயே கேட்டிருக்கிறார்கள்.

செரில் பெரி அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர். மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் பிறகு டெக்சாஸிலும் பணியாற்றியவர். வளரிளம் பருவத்தினர் ஏன் புகைக்கத் தொடங்குகிறார்கள், ஏன் குடிக்கத் தொடங்குகிறார்கள் என்பதே அவருடைய வாழ்நாள் வேலை. இளையோரின் புகையிலைப் பழக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் பெயரில் 1994இல் வெளியான அறிக்கைக்கு முதன்மை அறிவியல் ஆசிரியராக இருந்தவர். அவரும் மெலிசா ஸ்டிக்லரும், இங்கே இதயநோய் மருத்துவர் ஸ்ரீநாத் ரெட்டி, மோனிகா அரோரா ஆகியோரும் சேர்ந்து 2004இல் டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பெயர் 'மைத்ரி'. புகையிலைக்கு எதிராக இளையோரைத் திரட்டும் திட்டம் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது; நட்பு என்ற பொருளும் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

தொடக்கக் கணக்கெடுப்பில் 11,642 மாணவர்களைக் கேட்டார்கள். ஒருமுறையாவது புகையிலையைத் தொட்டவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 விழுக்காடு. ஆறாம் வகுப்பில் 24.8. இந்த எண்களைப் படித்த அன்று அச்சுப்பிழையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். வயது ஏற ஏறப் பழக்கம் கூடும் என்பதுதானே நாம் அறிந்தது? இங்கே சின்னப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளை முந்தியிருந்தார்கள். புகையிலையைத் தொடும் வயது நம் நகரங்களில் கீழே இறங்குகிறது என்று ஆய்வாளர்கள் 2006இல் லான்செட் மருத்துவ இதழில் எச்சரித்தார்கள்.

எச்சரித்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. ஈராண்டுகள் அந்தப் பள்ளிகளில் பாதியில் வேலை செய்தார்கள். மீதிப் பள்ளிகளை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டார்கள். வகுப்பறைச் செயல்பாடுகள், பள்ளிச் சுவரில் சுவரொட்டிகள், வீட்டுக்குப் பெற்றோர் பெயரில் போகும் அஞ்சலட்டைகள். இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. வகுப்பு நடவடிக்கைகளை முன்னின்று நடத்தியவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்லர். மாணவர்களிலிருந்தே பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்த பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேசியது. புற்றுநோய் நாற்பது வயதில் வரும் என்று நான் சொன்னால் அந்த நாற்பது அவனுக்குக் கண்ணுக்கெட்டாத தூரம். இடைவேளையில் பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்பது மட்டுமே அவனுக்கு இன்றைய செய்தி. பெரியும் அவரைப் போன்ற ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டு நிறுவியது இதைத்தான்: எல்லோரும் செய்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைக்கும் எண்ணிக்கை, உண்மையில் செய்பவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் பெரியது. அந்தக் கற்பனைக் கூட்டத்தைக் கலைக்கச் சக மாணவனால் முடியும். மேடையில் நிற்கும் அதிகாரியால் முடியாது.

முடிவு 2009இல் வெளிவந்தது. ஒன்றும் செய்யாமல் விட்ட பள்ளிகளில் ஈராண்டில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு ஏறியிருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு இறங்கியிருந்தது. சிகரெட்டிலும் பீடியிலும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. இனி புகைப்பேன், மெல்லுவேன் என்ற எண்ணமும் குறைந்திருந்தது.

இதைப் படித்த பிறகு போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று நாங்கள் நடத்தும் பேரணியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. வெயிலில் பதாகை பிடித்து நடக்கிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், அழுகிய நுரையீரல் படத்தைத் திரையில் காட்டுகிறோம், புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிறோம். அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' என்ற போதை எதிர்ப்புத் திட்டத்தில் சீருடைக் காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். பெற்றோருக்கும் காவல்துறைக்கும் மிகவும் பிடித்த திட்டம். 1990களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மதிப்பீடுகள், பிள்ளைகளின் பழக்கத்தில் அது சொல்லத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை என்று காட்டின. பெரியவர்களுக்கு மனநிறைவு தந்தது, அவ்வளவுதான். எங்கள் பேரணியும் அப்படித்தான் என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்.

நண்பர்களை வைத்துப் பேச வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. செரில் பெரியே மினசோட்டாவின் வடகிழக்குச் சிற்றூர்களில் 1990களில் மதுவுக்கு எதிராக 'நார்த்லாந்து' என்ற திட்டத்தை நடத்தினார். ஆறாம் வகுப்பில் தொடங்கி எட்டு முடியும்போது நல்ல பலன் தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் பெரிதாக எதுவும் செய்யாமல் விட்டார்கள். கிடைத்த பலன் கரைந்தது. மறுபடி உயர் வகுப்புகளில் தொடங்கியபோது மறுபடி பிடிப்பு வந்தது. அதே திட்டத்தைச் சிகாகோ பெருநகரப் பள்ளிகளுக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்த்தபோது பலனே இல்லை. இதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதால்தான் இவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. ஓரூரில் பலித்தது அடுத்த ஊரில் பலிக்காமல் போகலாம், நிறுத்தினால் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒருநாள் பேரணிக்கு இதில் என்ன இடம்?

நாட்டளவிலான நிலையையும் பாருங்கள். 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019இல் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்திய மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. மெல்லும் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிக்கு மேல், 52 விழுக்காட்டினர், பத்து வயது நிறையும் முன்பே தொட்டிருந்தார்கள். அப்படியானால் அது ஐந்தாம் வகுப்புக்கும் கீழே! அதே 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வில், முகர்ந்து போதையேற்றும் பொருள்களில் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் விகிதம் கூடுதல்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.17 விழுக்காடு. பஞ்சர் ஒட்டும் பசையும் தின்னரும் யாருக்குக் கைக்கெட்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டம் இந்தப் பிள்ளைகளைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நாங்கள் தண்டித்தது யாரை? விற்றவர் கடை அன்றும் திறந்திருந்தது. பையன்தான் வெளியே போனான். பள்ளியில் இருந்திருந்தால் ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது எங்கள் கண்ணில் பட்டிருப்பான்.

வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வைக்கப்போகிறேன். பிடிபடும் மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் நான்கு பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து ஆண்டு முழுவதும் பேச வைக்க வேண்டும். வகுப்பில் எத்தனை பேர் உண்மையில் தொடவே இல்லை என்பதைப் பெயர் எழுதாத சீட்டில் எழுதி வாங்கி, பிள்ளைகளையே எண்ணச் சொல்லித் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

2004இல் சென்னையில் அந்தப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படித்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், குறிப்பாக அன்று நண்பர்களுக்குப் பாடம் நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எனக்கு எழுதுங்கள். முதல் நாள் வகுப்பின் முன்னால் நின்று என்ன சொன்னீர்கள்? சிரித்தவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்? என் பிள்ளைகள் நால்வருக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.