வண்டி நிற்கிற இடத்தில் பிளக் இருக்கிறதா?

மின்சார லோடு வண்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஷோரூமிலும் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி டியூ போட்டு வண்டி எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

டாடா ஏஸ் இவி 2022-ல் அறிமுகமானது. பேட்டரி 21.3 யூனிட் (கரன்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான், கிலோவாட்-அவர்), சொல்லப்பட்ட ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம், 154 கி.மீ. 2024 அக்டோபரில் மஹிந்திரா ஸியோ வந்தது. அதிலும் 21.3 யூனிட், 160 கி.மீ. வரை. 2025-ல் வந்த ஏஸ் ப்ரோ இவியில் பேட்டரி 14.4 யூனிட்தான், ஆனால் ரேஞ்ச் 155 கி.மீ. மூன்றும் தாளில் ஒன்றுபோலத் தெரிகிறது. பேட்டரியிலோ மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்!

ஏஸ் ப்ரோ சின்ன வண்டி, எடை குறைவு, கரன்ட் குறைவாகத்தான் இழுக்கும். அது உண்மை. ஆனால் நாம் ஏற்றுகிற சிமெண்ட் மூட்டை எந்த வண்டியில் ஏற்றினாலும் அதே எடைதான். 700 கிலோ ஏற்றினால், எடை குறைந்த வண்டிக்குத்தான் ரேஞ்ச் அதிகமாக அடிபடும். அதனால் யாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும், ஃபுல் லோடில் யூனிட்டுக்கு 5 கி.மீ. என்றுதான் நான் வைக்கிறேன். அப்படிப் பார்த்தால் 21.3 யூனிட் வண்டிக்கு நூறு சொச்சம், 14.4 யூனிட் வண்டிக்கு 72. அதற்கு மேல் கிடைத்தால் லாபம். டவுனுக்குள் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவருக்கு 72 தாராளம். தினமும் பொள்ளாச்சி, உடுமலை என்று போய் வருகிறவருக்கு அது பத்தாது.

மலை ஏறுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. தூரம்தான். ஏறுகிற உயரமோ கிட்டத்தட்ட 1,900 மீட்டர். வண்டியும் லோடும் சேர்ந்து 1,800 கிலோ என்றால், அந்த எடையை மேலே தூக்கவே 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. டயர் உருளுகிற செலவு, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் 15 யூனிட் ஆகிவிடும். 154 கி.மீ. ஓடும் என்ற வண்டியில் 50 கி.மீ.யிலேயே முக்கால் பேட்டரி காலி. 14.4 யூனிட் வண்டியை ஃபுல் லோடில் அந்த ரோட்டில் நான் அனுப்ப மாட்டேன்.

ஆனால் அதே ரோட்டில் தலைகீழான வேலையும் இருக்கிறது. நீலகிரிக் கேரட்டும் உருளையும் முட்டைக்கோசும் லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் மேலே திரும்புகிறது. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கரன்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். இந்த வேலைக்கு மின்சார வண்டியைவிடப் பொருத்தமான வண்டியே இல்லை என்பேன். ஒன்று மட்டும் கவனம். ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால், திரும்பி வருகிற கரன்ட்டுக்குப் பேட்டரியில் இடமிருக்காது. பாரம் முழுக்க சாதாரண பிரேக் மேல் விழும். மேலே சார்ஜ் போடுகிறவர்கள் எண்பதில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து சார்ஜிங். எனக்கு ரேஞ்சைவிட இதுதான் பெரிது. ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை கி.மீ. ஏறும்? 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் சொச்சம் ஏறும். 21.3 யூனிட் நிரம்ப ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் முடிந்துவிடும். ஃபாஸ்ட் சார்ஜிங்கில்தான் வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஏஸ் இவியில் 80 சதவீதம் வரை ஏற 105 நிமிடம், ஸியோவில் 60 நிமிடத்தில் 100 கி.மீ. என்று கம்பெனிகளே சொல்கின்றன. மத்தியானம் இரண்டாவது டிரிப் அடிக்கிறவருக்கு, சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடியுமா முடியாதா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கும். 60 கிலோவாட் சார்ஜரில் (மணிக்கு 60 யூனிட் வரை கொடுக்கக்கூடியது) சொருகினால் சீக்கிரம் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். வண்டி எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் ஏறும். ஐரோப்பாவில் ஓடுகிற ஃபோர்டு இ-டிரான்சிட் என்ற பெரிய மின்சார வேன் 34 நிமிடத்தில் 15-லிருந்து 80 சதவீதம் ஏறுவது, 68 யூனிட் பேட்டரியும் 115 கிலோவாட் வாங்குகிற அமைப்பும் அதில் இருப்பதால். நம் சின்ன பேட்டரிகளால் அவ்வளவு வேகத்தைத் தாங்க முடியாது.

சரி, ராத்திரி ஏழு மணி நேரம் எங்கே சொருகுவது? சொந்த வண்டி ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வண்டி தெருவில் நிற்கிறது. வீட்டு ஓனர் ஒப்புக்கொண்டாலும், தினம் 18 யூனிட் வீதம் மாதம் 25 நாள் போட்டால் இரண்டு மாத பில்லில் 900 யூனிட் கூடிவிடும், ஸ்லாப் எங்கோ போய் நிற்கும். அந்த பில்லை யார் கட்டுவது? ரேஞ்சைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நெடுஞ்சாலையில் ஃபாஸ்ட் சார்ஜர் வருவது காருக்கு நல்லது. லோடு வண்டி மணிக்கணக்கில் நிற்பது மண்டியில். கோயம்பேடாகட்டும் ஒட்டன்சத்திரமாகட்டும் மேட்டுப்பாளையமாகட்டும், ஏலம் முடிந்து, மூட்டை ஏறி, பில் போட்டு வெளியே வர மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். அந்த மூன்று மணி நேரம் ஒரு 15 ஆம்பியர் பிளக்கில் நின்றால் 9 யூனிட், என் கணக்கில் 45 கி.மீ. ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஆகிற செலவில் மீட்டரோடு எத்தனையோ சாதா பிளக் பாயின்ட் வைக்கலாம். மார்க்கெட்டை நடத்துகிற நகராட்சிகளும் கமிட்டிகளும் லோடு ஏற்றுகிற வரிசையிலேயே இதைச் செய்து கொடுக்கட்டும். யூனிட்டுக்கு நியாயமான காசு வாங்கட்டும், டிரைவர்கள் கட்டுவார்கள். அது வந்துவிட்டால் 14.4 யூனிட் வண்டியே பாதிப் பேருக்குப் போதும், டியூவும் குறையும்.