டபுள் இன்டென்சிட்டியை எல்லா வாரமும் ஓடவிடாதீர்கள்

ஃபுட்பால் மேனேஜர் (ஒரு கால்பந்து கிளப்பின் மேலாளராக இருந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டு) ஆடுகிறவர்கள் கூடும் இடங்களில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, "இன்ஜுரி ரொம்ப ஓவர், கேம் ஏமாத்துது" என்ற புகார். இன்னொன்று, "பயிற்சியில் டபுள் இன்டென்சிட்டி போட்டுடுங்க, பசங்க வேகமா வளருவாங்க" என்ற, பயிற்சியின் தீவிரத்தை இரட்டிப்பாக்கச் சொல்லும் ஆலோசனை. இரண்டும் தனித்தனிச் சங்கதிகள் போலத்தான் பேசப்படுகின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. முதல் புகாரில் பெரும்பகுதி இரண்டாவது ஆலோசனையிலிருந்துதான் பிறக்கிறது. அதற்காக டபுள் இன்டென்சிட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதை எப்போது போடுகிறோம், யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 2019 பதிப்பில் பயிற்சி முறையே மாறியது. ஒரு நாளைக்கு மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வது என்று நாமே நிரப்பலாம்: எண்டியூரன்ஸ் (தாங்கும் திறன்), குவிக்னஸ் (வேகம்), ரெசிஸ்டன்ஸ் (தசை வலு), டாக்டிக்கல் (ஆட்ட உத்தி), ரெக்கவரி (களைப்பு தீர்த்தல்), ஓய்வு என்று. இது போக, வீரரின் உடல்நிலையைப் பொறுத்து அவர் எவ்வளவு தீவிரமாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று தனியாக ஓர் அமைப்பு உண்டு. உடல்நிலை மோசமென்றால் மைதானமும் வேண்டாம் ஜிம்மும் வேண்டாம், சுமாரென்றால் பாதி, நன்றாக இருந்தால் வழக்கம்போல அல்லது இரட்டிப்பு. இதை ஒரு முறை அமைத்துவிட்டால் சீசன் முழுக்க அதுவாகவே ஓடும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். நாம் அந்தப் பக்கத்தை அப்புறம் திறந்தே பார்ப்பதில்லை.

உடல்நிலையைக் காட்டும் இதயக் குறி பச்சையாக இருந்தால் வீரர் தயார் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் குறி சொல்வது இன்றைய நிலையை மட்டும்தான். பல வாரங்களாகச் சேர்ந்த களைப்பு வேறு கணக்கு. சனிக்கிழமை 90 நிமிடம் ஆடியவர் செவ்வாய்க்கிழமைக்குள் பச்சைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஆறு வாரமாக இதே ஓட்டம் என்றால் அவர் உள்ளுக்குள் தீர்ந்துபோயிருப்பார். மெடிக்கல் சென்டர் பக்கத்தில் ஆட்டச் சுமை, பயிற்சிச் சுமை, களைப்பு, காயப்படும் இயல்பு எல்லாம் சேர்த்துப் பார்த்து ஆபத்து எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் இதயக் குறியை மட்டும் நம்பி இரட்டிப்புப் பயிற்சி கொடுத்தால் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) போவதில் ஆச்சரியமில்லை.

இங்கே நிஜ கால்பந்துக்கு வருகிறேன். என் கருத்து உருவானதே அங்கிருந்துதான்.

யுர்கன் க்ளாப் லிவர்பூலுக்கு வந்தது 2015 அக்டோபரில், சீசன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோது. அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும்: பந்தை இழந்த நொடியே பாய்ந்து பிடுங்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு உடலைத் தயார்செய்யும் ப்ரீ-சீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம்) அந்த வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு பயிற்சியாளரின் வேறொரு வேகத்துக்குப் பழகிய கால்கள் அவை. அதோடு இங்கிலாந்தின் டிசம்பர் மாத ஆட்ட நெரிசல் வேறு. 2016 ஜனவரி 5, லீக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம், ஸ்டோக் மைதானம். முதல் பாதியிலேயே லிவர்பூலின் கூட்டினோவும் லோவ்ரனும் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் காயப்பட்டோர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. க்ளாப்பின் பயிற்சிதான் காரணம் என்று விமர்சித்தவர்களும் உண்டு, அட்டவணைதான் காரணம் என்றவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டையும்விடப் பெரிய காரணம் அந்தத் தாவல். பழகாத உடலில் புதிய சுமை ஒரேயடியாக ஏறியது. 2016 கோடையில் அதே அணியை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள் வைத்துக் கசக்கினார் க்ளாப். சுமையைக் குறைக்கவில்லை. சரியான நேரத்தில் ஏற்றினார்.

ஃபுட்பால் மேனேஜரில் நாம் செய்வது பெரும்பாலும் முதல் கதைதான். நவம்பரில் ஒருவர் வேலை இழக்கிறார், நாம் உள்ளே போகிறோம், முதல் நாளே கெகன்பிரஸ் (க்ளாப்பின் அதே பாய்ந்து பிடுங்கும் ஆட்டம்), முதல் நாளே டபுள் இன்டென்சிட்டி. ஒரு மாதத்தில் ஆறு பேர் மருத்துவ அறையில். கேம் ஏமாற்றவில்லை. அது நிஜத்தை ஓரளவு சரியாகவே காட்டுகிறது.

நிஜத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுவேஃபா 2001 முதல் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறது. அந்த ஆய்வு 2011இல் சொன்னது: ஒரு வீரருக்கு ஒரு சீசனுக்குச் சராசரியாக இரண்டு காயங்கள், அதாவது 25 பேர் கொண்ட அணியில் சுமார் 50. ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 24 சதவீதமாகிவிட்டது. உங்கள் சேவில் (கேமில் நீங்கள் சேமித்து ஆடிவரும் ஆட்டத்தில்) ஒரு சீசனில் 50 காயம் வந்தால் கணினியையே தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

ஆட்ட நெரிசல் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. சாம்பியன்ஸ் லீக் ஆடிய ஓர் அணியின் 32 வீரர்களை வைத்துச் செய்தது, 2010இல் வெளிவந்தது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடும்போது 1000 மணி நேரத்துக்கு 4.1 காயங்கள். வாரத்துக்கு இரண்டு ஆடும்போது 25.6. ஆறு மடங்கு! அந்த இரண்டு ஆட்டங்களிலும் ஓடிய தூரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆட்டத்தைப் பார்த்தால் வீரர் நன்றாகத்தான் இருப்பார். பச்சை இதயக் குறி போலவே.

அதனால் இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் சேவ் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். சாம்பியன்ஷிப்பிலிருந்து லீக் டூ வரை 24 அணிகள், 46 லீக் ஆட்டங்கள், அதற்கு மேல் கோப்பைகள். சனி, செவ்வாய், சனி, செவ்வாய் என்று ஓடும். அந்த வாரங்களில் ஆட்டமே பயிற்சி. இரண்டு ஆட்டம் உள்ள வாரத்தில் உடற்பயிற்சிக் கட்டங்களை எடுத்துவிட்டு ரெக்கவரியும் ஓய்வும் போடுங்கள், மிச்சமிருந்தால் செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் பயிற்சி). நடுவாரம் காலியாக உள்ள வாரத்தில்தான் எண்டியூரன்ஸ், குவிக்னஸ் எல்லாம்.

இதை வைத்து "அப்போ எல்லோருக்கும் பாதிப் பயிற்சி போதும்" என்று போனால் அதுவும் தப்பு. டிம் கேபெட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2016இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கடினமான பயிற்சி காயத்தைத் தருகிறது என்பது பாதி உண்மைதான், படிப்படியாகக் கட்டப்பட்ட கடினமான பயிற்சி காயத்திலிருந்து காக்கவும் செய்கிறது என்பது அவர் வாதம். இதற்கு முன்னோடியான ஓர் ஆய்வு நம்மவர்களுக்குப் பிடித்த கிரிக்கெட்டில் நடந்தது. வேகப்பந்து வீச்சாளர்களின் ஒரு வாரச் சுமை, அதற்கு முந்தைய நான்கு வாரச் சராசரியைவிடச் சட்டென்று எகிறினால் அடுத்த வாரம் காயத்தின் ஆபத்து கூடுகிறது என்று 2014இல் காட்டினார்கள். அந்த விகிதக் கணக்கைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள், குறிப்பிட்ட எண்ணை வைத்துக் காயத்தை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்றார்கள். அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனாலும் சுமையைத் திடீரென ஏற்றாதே என்ற அடிப்படையை எந்த நல்ல உடற்பயிற்சியாளரும் விட்டுவிடவில்லை.

கேமிலும் இது அப்படியே பொருந்தும். ப்ரீ-சீசன் ஆறு வாரம் கிடைத்தால் அதை முழுசாகப் பயன்படுத்துங்கள். நட்பு ஆட்டங்களை வெறும் வருமானத்துக்காக வைக்காமல் எல்லோருக்கும் நிமிடங்கள் பங்கு போட்டுக் கொடுங்கள். அந்தச் சமயத்தில் இரட்டிப்புப் பயிற்சி தாராளமாக இருக்கட்டும். சீசன் தொடங்கியதும் வழக்கமான அளவுக்கு இறக்குங்கள். மாதக்கணக்கில் ஆடாமல் பெஞ்சில் இருந்தவரைத் திடீரென்று மூன்று ஆட்டம் தொடர்ந்து 90 நிமிடம் ஆடவிடாதீர்கள். மேட்ச் ஷார்ப்னஸ் (ஆடி ஆடி வரும் ஆட்டக் கூர்மை) இல்லாதவர் மோசமாக ஆடுவார், காயமும் படுவார். அவருக்கு முதலில் ரிசர்வ் அணியில் ஓர் ஆட்டம், அப்புறம் 30 நிமிடம், அப்புறம் முழு ஆட்டம்.

பயிற்சியாளர் ரனியேரியின் லெஸ்டர் அணியை இங்கே எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2015-16இல் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுத்தார், லீக்கிலேயே மிகக் குறைவாக 23 வீரர்களை வைத்தே பட்டம் வென்றார். உண்மைதான். ஆனால் அவர்களுக்கு ஐரோப்பியப் போட்டி கிடையாது, எஃப்ஏ கோப்பையில் மூன்றாவது சுற்றிலேயே டாட்டன்ஹாமிடம் வெளியேறினார்கள், லீக் கோப்பையில் நான்காவது சுற்றில் ஹல்லிடம். சனிக்கு சனி ஆடிய அணி அது. மூன்று போட்டிகளில் ஆடும் அணிக்கு அதை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

கடைசியாக இளம் வீரர்கள். இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ஸ்பெயின் வீரர் பெட்ரியை நினைத்துப் பாருங்கள். 2020-21இல் 18 வயதுப் பையன், பார்சிலோனாவுக்கு ஆடி, யூரோ ஆடி, அதே கோடையில் டோக்கியோ ஒலிம்பிக்கும் ஆடினான். எல்லாம் சேர்த்து 70க்கு மேற்பட்ட ஆட்டங்கள். அடுத்த சீசனின் பெரும்பகுதி தொடைத் தசைக் காயங்களோடு போனது. ஒரு தலைமுறைக்கு ஒருவன் மாதிரியான திறமைசாலியை யாருமே "போதும்" என்று சொல்லி உட்காரவைக்கவில்லை. நாம் கேமில் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் இருக்கிறோம். ஒரு 17 வயது விங்கர் நன்றாக ஆடுகிறான் என்றால் எல்லா ஆட்டமும் அவனுக்கே, அதற்கு மேல் தனிப்பட்ட கூடுதல் பயிற்சி, அதற்கு மேல் இரட்டிப்பு அளவு. அவன் பயிற்சிச் சுமை அதிகம் என்று வந்து புகார் சொன்னால் எரிச்சலோடு மறுத்து அனுப்பிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத 'காயப்படும் இயல்பு' என்ற பண்பு அவனுக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. பயிற்சியாளர் அறிக்கையில் ஒரு வரி வந்தால் உண்டு.

20 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 31 தாண்டியவர்களுக்கும் அந்தத் தானியங்கி அமைப்பை நம்பாதீர்கள். ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் போய்க் கையால் மாற்றுங்கள். நல்ல ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்ட் ஒருவரை வேலைக்கு எடுங்கள், அந்தச் சம்பளம் ஒரு மாற்று ஸ்ட்ரைக்கரின் சம்பளத்தைவிட எவ்வளவோ குறைவு. இரண்டு ஆட்டம் உள்ள வாரத்தில் அந்தப் பையனை ஓர் ஆட்டத்துக்குப் பெஞ்சில்கூட வைக்காமல் விடுங்கள். சர்வதேச இடைவேளையில் நாட்டுக்காக ஆடாதவர்களுக்கு இரண்டு மூன்று நாள் முழு ஓய்வு கொடுத்துவிட்டு, அப்புறம் மீண்டும் ஏற்றுங்கள். யாராவது இப்படி ஒரு முழு சீசன் ஓட்டிப் பார்த்தால், மெடிக்கல் சென்டரின் சீசன் சுருக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், எந்த டிவிஷன், என்ன டாக்டிக்ஸ் என்பதோடு. ஒப்பிட்டுப் பேசலாம்.